உயர்த்திய கையும் ஊன்றிய முழங்காலும்

மெக்சிகோ நகரில் 1968-ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக் பந்தயங்களை மலேசியத் தமிழர் நினைவுகூர்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. டாக்டர் மணி ஜெகதீசன் அங்கே 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை முன்னேறினார். அங்கு அவர் பதித்த 20.92 விநாடி என்னும் நேரம் 2017 வரை, 49 ஆண்டுகள், நாட்டின் சாதனையாக நிலைத்தது. அதே ஓட்டத்தின் இறுதிப் போட்டி முடிந்து, அக்டோபர் 16-ஆம் நாள் பரிசளிப்பு மேடையில், அமெரிக்க வீரர் இருவர் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தித் தலைகுனிந்து நின்றனர். ஆதலின் உலகறிந்த அந்தப் படம் நமக்குத் தொலைவான ஒன்றன்று. நம்மவர் ஒருவர் ஓடிய பந்தயத்தின் முடிவு அது.

அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதைச் செய்தித்தாள்கள் எந்தச் சொல்லால் எழுதின என்று பார்ப்போர் சிலரே. செய்யுளில் ஒரு சொல் ஏன் அங்கே நின்றது என்று மணிக்கணக்காக ஆராயும் நாம், காலையில் கையில் எடுக்கும் நாளிதழின் தலைப்பை அப்படி ஆராய்வதில்லை. விளையாட்டுப் பக்கத்தையோ ஆராய்ச்சிக்கே உரியதாக எண்ணுவதில்லை. நிறவேற்றுமையை எதிர்த்து விளையாட்டு வீரர்கள் செய்த மறுப்புகளைப் பத்திரிகைகள் எழுதிய முறையை ஈண்டு அவ்வாறு நோக்குவோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் பெற்றவர் டாமி ஸ்மித். வெண்கலம் பெற்றவர் ஜான் கார்லோஸ். இருவரும் மேடையில் காலணி அணியாமல் கறுப்புக் காலுறையுடன் நின்றனர். அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். ஸ்மித்தின் கழுத்தில் கறுப்புத் துணி. அது தம் இனத்தின் பெருமிதம். கார்லோஸின் கழுத்திலிருந்த மணிமாலை, கும்பல்களால் மரத்தில் தூக்கிக் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் நினைவு. அவர் தம் மேற்சட்டையைத் திறந்து விட்டிருந்தார். அது உடலுழைப்புத் தொழிலாளருக்காக. கையுறை ஒரு சோடிதான் இருந்தது. ஆகையால் ஸ்மித் வலக்கையையும் கார்லோஸ் இடக்கையையும் உயர்த்தினர். அந்த யோசனையைச் சொன்னவர் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். அவரும் மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற இயக்கத்தின் வட்டச் சின்னத்தை நெஞ்சில் குத்தியிருந்தார்.

இத்தனை அடையாளங்களும் எவரும் அறியாத மறைபொருளாக இருந்தனவோ என்றால், இல்லை. அதே வாரத்தில் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ஹோவர்டு கோசல் கேட்டபோது, கையுறைக்கும் கழுத்துத் துணிக்கும் காலுறைக்கும் என்ன பொருள் என்று ஸ்மித் ஒவ்வொன்றாக விளக்கினார். அந்த இயக்கத்தின் கோரிக்கைகளும் முன்பே வெளியானவை. முகமது அலியிடமிருந்து பறித்த பட்டத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும், நிறவெறி ஆட்சி நடத்தும் தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் பந்தயங்களில் சேர்க்கக் கூடாது, கறுப்பினப் பயிற்சியாளர்களைக் கூடுதலாக நியமிக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. செய்தி வேண்டியவனுக்குச் செய்தி இருந்தது.

அப்படியிருந்தும் எழுதப்பட்டது என்ன? சிகாகோ நாளிதழ் ஒன்றில் பிரென்ட் மஸ்பர்கர் என்ற இளம் நிருபர், அவ்விருவரையும் கறுத்த தோல் கொண்ட ‘புயற்படையினர்’ என்று எழுதினார். புயற்படை என்பது ஹிட்லரின் அடியாட்படை. ‘டைம்’ வார இதழ், விரைவு, உயர்வு, வலிமை என்னும் ஒலிம்பிக் வாசகத்தைத் திருப்பிப் போட்டு, சினம், இழிவு, அருவருப்பு என்று கேலி செய்தது. நாஜிகளின் கொடுமையை எதிர்த்துப் போரிட்ட நாட்டின் பத்திரிகைகளில் நாஜி என்ற வசை யார் மீது விழுந்தது பாருங்கள்! அவ்விருவரையும் அகற்றியே தீரவேண்டும் என்று நின்ற சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ், 1936-இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்தவர். அவ்வாண்டு பெர்லின் பந்தயங்களில் உயர்ந்த நாஜிக் கைகளை அவர் தடுக்கவில்லை. இதை அருகருகே வைத்துக் காட்டுவதுதான் பத்திரிகையின் வேலை. 1968-இல் அதைச் செய்தவர்கள் சிலரே.

பெயரிட்ட முறைக்கு வருவோம். உலகம் முழுவதும் அந்தச் செயலுக்கு வழங்கிய பெயர் ‘கறுப்பு அதிகார வணக்கம்’ என்பது. 2007-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் ஸ்மித் இப்பெயரை மறுக்கிறார். தாம் செய்தது மனித உரிமை வணக்கம் என்பது அவர் கூற்று. செய்தவன் ஒரு பெயர் சொல்ல, பார்த்தவன் வேறொரு பெயர் எழுத, பார்த்தவன் எழுதியதே வரலாறாக நின்றுவிட்டது. ‘அதிகாரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் படிப்பவன் மனத்தில் எழுவது அச்சம்; ‘உரிமை’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுவது, யாருக்கு எந்த உரிமை இல்லை என்னும் வினா. அந்த வினா எழாமலே செய்திகள் முடிந்தன.

அந்நாளில் ஜார்ஜ் டவுனில் அச்சான ‘ஸ்டிரேய்ட்ஸ் எக்கோ’ ஆயினும், கோலாலம்பூரில் அச்சான ‘தமிழ் நேசன்’ ஆயினும், வெளிநாட்டுச் செய்திகளுக்குப் பெரிதும் நம்பியிருந்தவை மேலைச் செய்தி நிறுவனங்களின் தந்திகளையே. தந்தியில் வருவது செய்தி மட்டுமன்று. அதை அனுப்பியவனுடைய பெயரீடும் அடைமொழியும் கூடவே வருகின்றன. மொழிபெயர்ப்பாளர் இரவு பத்து மணிக்கு மேசையில் அமர்ந்து, பக்கம் முடிக்கும் அவசரத்தில் தமிழாக்குகிறார். சொல்லின் தீர்ப்பும் அப்படியே தமிழாகி விடுகிறது. இதற்காக அவரைக் கடிந்து பயனில்லை. ஆனால் மறுநாள் அதைப் படிக்கும் நமக்கு அந்த அவசரம் இல்லையே!

இந்நூற்றாண்டில் நடந்த ஒன்று இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆட்டத்திற்கு முன் தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது எழுந்து நிற்கவில்லை. முன்னைய இரு ஆட்டங்களிலும் அவர் அவ்வாறே அமர்ந்திருந்தும் எவரும் கவனிக்கவில்லை. ஆகஸ்டு 26-ஆம் நாள் எடுத்த ஒரு படம் பரவியதும், ஸ்டீவ் வைச் என்ற நிருபர் நேரே சென்று காரணம் கேட்டார். கறுப்பின மக்களையும் பிற நிறத்தவரையும் ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமை காட்டி எழுந்து நிற்கத் தம்மால் இயலாது என்றும், தெருவில் பிணங்கள் கிடக்கக் கொன்றவர்கள் சம்பளத்தோடு விடுப்பில் இருக்கிறார்கள் என்றும் கேப்பர்னிக் சொன்னார். போலீசாரின் கையால் கறுப்பின மக்கள் கொல்லப்படுவதே அவர் கூறிய குறை. முதற்செய்தி ஏன் என்று கேட்டது, விடையையும் வெளியிட்டது. பத்திரிகைத் தொழிலின் இலக்கணத்தை அந்த நிருபர் வழுவாமல் காத்தார் என்றே சொல்லவேண்டும்.

பின்பு வந்தவைதாம் வழுவின. முன்னாள் இராணுவ வீரர் நேட் பாயர் என்பவருடன் கலந்து பேசியபின், உட்கார்வதை விட்டு ஒரு முழங்காலை ஊன்றி நிற்கும் முறையைக் கேப்பர்னிக் செப்டம்பர் முதல் நாளிலிருந்து மேற்கொண்டார். மாண்ட தோழனின் கல்லறை முன் படைவீரர் அவ்வாறு மண்டியிடுவது மரபு. படைவீரர் ஒருவரின் அறிவுரைப்படி மரியாதைக்காகத் தேர்ந்த நிலை அது. அதுவே படைவீரரை அவமதிப்பது என்று பேசப்பட்டது. பேசியவை எல்லாம் அச்சேறின. செய்திகள் அதற்கு இட்ட பெயர் ‘தேசிய கீதப் போராட்டம்’.

இத்தொடரைத் தமிழாசிரியர் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். தொகைநிலையில் உருபு மறைந்து நிற்கும். தொக்க இடத்தில் பொருள் இரண்டு முதல் ஏழு வரையில் மயங்கலாம் என்று நன்னூலார் எச்சரித்திருக்கிறார். ‘தேசிய கீதப் போராட்டம்’ என்பதை எப்படி விரிப்பது? தேசிய கீதத்திற்காகச் செய்யும் போராட்டமா, தேசிய கீதத்தை எதிர்க்கும் போராட்டமா, தேசிய கீதத்தின்போது நிகழும் போராட்டமா? மூன்றாவதே உண்மை. படிப்பவன் மனத்தில் பதிந்ததோ இரண்டாவது. போலீசாரின் கொலைகள் எந்த விரிவிலும் இல்லை! 1930-இல் வேதாரணியத்தில் இராஜாஜி தலைமையில் நடந்ததை உப்புச் சத்தியாக்கிரகம் என்கிறோம். உப்பை எதிர்த்து நடந்தது என்று எவனும் மயங்கவில்லை, காரணத்தை நாடறிந்திருந்தது. உண்ணாவிரதம் இருப்பவர் சோற்றின்மீது பகை கொண்டவர் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. கருவியின் பெயரைச் செயலுக்கு இடுவது வழக்கில் உண்டு. கேப்பர்னிக் செய்தியில் காரணம் நழுவிப்போன இடத்தில் கருவியே காரணமாக ஏறி அமர்ந்துகொண்டது.

2017 செப்டம்பர் 22-ஆம் நாள் ஜனாதிபதி டிரம்ப் அலபாமா மாநிலத்துக் கூட்டமொன்றில் முழங்காலிடும் ஆட்டக்காரர்களை வேலையை விட்டு நீக்கவேண்டும் என்று வசைச் சொல்லுடன் பேசியதும் செய்தி மறுபடி உருமாறியது. இனி அது ஜனாதிபதிக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடக்கும் மற்போர். 2020 மே 25-ஆம் நாள் ஜார்ஜ் பிளாய்டு என்பவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிர்விட்ட பிறகு, ஜூன் 5-ஆம் நாள் கால்பந்துச் சங்கத் தலைவர் ரோஜர் குடெல், ஆட்டக்காரர்கள் சொன்னதை முன்பே கேளாதது தவறு என்று ஒப்புக்கொண்டார். அப்போதும் கேப்பர்னிக்கின் பெயரை அவர் சொல்லவில்லை. கேப்பர்னிக்கோ 2016-ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் எந்த அணிக்கும் ஆடவில்லை.

நம் நாளிதழ்களில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஒரே சொல் வைத்திருக்கிறோம்: ‘சர்ச்சை’. ‘சர்ச்சையில் சிக்கினார்’ என்பது தலைப்பு. வினைச்சொல்லைக் கவனியுங்கள். வலையில் மீன் சிக்கும். பொறியில் எலி சிக்கும். குறை சொன்னவன் அகப்பட்டவன் ஆகிறான். யார் வலை விரித்தது என்பதற்கு அத்தொடரில் எழுவாயே இல்லை. அடுத்தது செயப்பாட்டு வினை. ஸ்மித்தும் கார்லோஸும் ‘வெளியேற்றப்பட்டனர்’ என்று எழுதினால் பொய்யாகாது. ஆயினும் அமெரிக்கக் கமிட்டி முதலில் அவர்களை நீக்க முன்வரவில்லை என்பதும், ஓட்டப்பந்தய அணி முழுவதையுமே விலக்குவோம் என்று சர்வதேசக் கமிட்டி மிரட்டிய பின்னரே நீக்கியது என்பதும் அந்தப் ‘படு’ விகுதிக்குள் மறைந்துபோகின்றன.

எதிர்ப்பாளர் சொன்னதையும் வெளியிடுவதுதானே நடுநிலை என்று கேட்கலாம். வெளியிட வேண்டும், மறுப்பில்லை. கொடி அவமதிக்கப்பட்டது என்று உண்மையாகவே வருந்தியவர்கள் இருந்தார்கள்; அவர்கள் வருத்தமும் செய்திதான். ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. குறையைச் சொல்லாமல் குறைசொன்ன விதத்தைப் பற்றிய குறையை மட்டும் முதற்பத்தியில் வைப்பது நடுநிலையாகாது.

தமிழர் தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சி 1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை. சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய இந்திய அணி, ஆஸ்திரேலியாவையும் சோவியத் நாட்டையும் வென்று இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியை ஏற்காத இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. இம்முடிவு நாட்டினுடையது, ஆட்டக்காரர் கொடுத்த விலை அவர்களுடையது. பதிவேடுகளில் இன்று காண்பது ‘வாக்கோவர்’ என்ற ஒரே சொல். எதிராளிக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே சொல்தான் எழுதுவார்கள்.

2021 அக்டோபர் 24-ஆம் நாள் துபாயில் இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானுடன் ஆடுமுன் முழங்காலிட்டது நேர்மாறான நிலை. தங்களுக்கு நிர்வாகம் தெரிவித்தபடி செய்ததாக அணித்தலைவர் கோலி சொன்னார். இங்கே காரணத்தைப் பத்திரிகைகள் மறைத்தன என்று குற்றஞ்சாட்ட வழியில்லை. செய்தவர்களே அதைச் சொல்லவில்லை.

சென்னை வீரர் அபினவ் முகுந்த் முழங்காலிடவில்லை, கையை உயர்த்தவில்லை, எழுதினார். 2017 ஆகஸ்டு 9-ஆம் நாள், இந்திய அணியுடன் இலங்கையில் இருந்தபோது, தம் தோலின் நிறத்தைப் பற்றிப் பல்லாண்டுகளாகத் தமக்கு வரும் இழிசொற்களைக் குறித்து ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டார். பதினைந்து வயது முதல் நாட்டுக்குள்ளும் வெளியிலும் பயணம் செய்து வருபவர். வெயில் மிகுந்த சென்னையிலிருந்து வந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் திடலில் கழித்தவர். அதனால் வந்த நிறத்துக்காக அவர் வருந்தவில்லை. வெளுப்பே அழகன்று என்றும் அதில் எழுதினார். சில மணி நேரத்திற்குள் அவரே மற்றொரு குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று: இதற்கும் அணியிலுள்ள எவருக்கும் தொடர்பில்லை, தயவுசெய்து வேறொன்றாக மாற்றாதீர்கள் என்று. இந்த இரண்டாம் குறிப்பே போதிய சான்று. அவர் பேசியது ஒரு சமூகத்தின் நோயைப் பற்றி. படித்தவர்கள் தேடியதோ ஒரு குற்றவாளியை. அணிக்குள் பிளவு என்றால் அது செய்தி. நாடெங்கும் உள்ள வழக்கம் என்றால் அது செய்தியன்று போலும்!

நான்கு ஆண்டு கழித்து, 2021 நவம்பரில், லட்சுமணன் சிவராமகிருஷ்ணனும் வாழ்நாளெல்லாம் தாம் நிறத்துக்காக இழிவுபடுத்தப்பட்டதாக எழுதினார். அதுவும் சொந்த நாட்டிலேயே என்றார். 1984-இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 12 விக்கெட் வீழ்த்திய சென்னைக்காரர் அவர். அப்போது வயது பதினெட்டு. இச்செய்திகளைத் தமிழில் படிக்கும்போது பக்கத்து விளம்பரத்தையும் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. வெளுப்புத் தரும் முகக்களிம்புகளின் விளம்பரத்தையும், ‘சிவந்த நிறம்’ வேண்டும் மணமகள் தேவை விளம்பரத்தையும் நெடுங்காலம் தாங்கி வந்தவை நம் தமிழ் ஏடுகளே. பெயர்பெற்ற களிம்பொன்று 2020-இல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. களிம்பு கடைகளில் இருக்கிறது.

இனி நம் நாடு. மலேசியாவில் ஆட்டக்காரர்கள் மேடையில் கையை உயர்த்துவது அரிது. உயர்த்தாமலே அடிபடுவதுண்டு. 2021 அக்டோபரில் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் மலேசியா ஜப்பானிடம் தோற்றது. அதில் தோற்றவர்களுள் ஒருவர் சிரம்பான் பெண் எஸ். கிசோனா. அரசியல் கட்சியொன்றின் தொகுதித் தலைவர் முகநூலில், இந்தக் ‘கெலிங்’கை எங்கிருந்து பிடித்து வந்தார்கள், தோட்டத்தில் ஆடுவதாக நினைப்போ என்ற பொருளில் எழுதினார். கண்டனங்கள் குவிந்தன; அவர் மன்னிப்புக் கேட்டார்.

பினாங்கில் வாழும் நமக்கு அந்த முதற்சொல் விசித்திரமான உறவுடையது. முன்னாள் பிட் ஸ்திரீட் இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. 1801-ஆம் ஆண்டு அப்பள்ளிவாசலுக்கு அடிகோலிய காதர் முகைதீன், தென்னிந்தியர்களின் தலைவர் என்ற பொருளிலேயே அப்பட்டத்தைத் தாங்கினார். பழைய மலாய் ஏடுகளில் அது கடல் கடந்து வந்த தென்னாட்டவரைச் சுட்டும் பெயர் மட்டுமே. இன்று அதே சொல் ஒரு பெயர்ப்பலகையில் பெருமை, ஒரு வாயில் வசை. மலேசிய ஆங்கில ஏடுகளில் இதை ‘கே-சொல்’ என்று மறைத்துச் சுட்டும் வழக்கமும் உண்டு. நாகரிகமான வழக்கந்தான். ஆனால் சொல்லை மறைத்துவிட்டால் அது பெயராக இருந்து வசையாக மாறிய வரலாற்றை எழுதவேண்டிய கடமையும் மறைந்துவிடுகிறது.

எனக்கு ஆழமாகப்படுவது இரண்டாவது சொல், தோட்டம். முதற்சொல் இனத்தைத் தாக்கியது. இதுவோ பால்மரக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இந்நாட்டுக்கு உழைத்ததையே இழிவாக்கியது. மெக்சிகோவில் கார்லோஸ் உழைப்பாளருக்காகத் தம் மேற்சட்டையைத் திறந்து நின்றாரே, அவர் சொல்ல வந்தது இந்த இடத்தில் நமக்கு விளங்கும். இனச்சொல்லுக்குச் சட்டம் உண்டு, கண்டன அறிக்கை உண்டு. தோட்டம் என்ற சொல்லை வசையாக்கியதற்கு எந்த அமைச்சர் அறிக்கை விடுவார்? நம் தமிழ் ஏடுகள் தலையங்கம் எழுதவேண்டிய இடம் அதுதான்.

அரசியல்வாதி பேசினார், அமைச்சர் கண்டித்தார், சங்கம் கண்டித்தது என்று செய்தி நீளும்போது, ஆட்டக்காரர் ‘இழிவுபடுத்தப்பட்டார்’ என்ற செயப்பாட்டு வினைக்குள் போய்விடுகிறார். 2019-இல் மணிலாவில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தை மலேசியாவுக்கு வென்று தந்தவர் கிசோனா. அரையிறுதியில் அவர் எதிர்த்து நின்றவர் அகானே யமாகுச்சி. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு உவெல்வா நகரில் யமாகுச்சி உலக வெற்றிவீரரானார்.